லோடு ஏத்தி 60-ஐத் தாண்டினா ஹீட் ஆகுது: 2011 டீசல் பிக்கப், ஹெட் கழட்டணுமா?

காய்கறி லோடு, பம்மல்
மே 6, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 மாடல் பிக்கப், 2.5 லிட்டர் டர்போ டீசல், 3 லட்சத்து 40 ஆயிரம் ஓடியிருக்கு. அப்பா வாங்கின வண்டி, இப்ப நான் ஓட்டுறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கோயம்பேட்டுல லோடு ஏத்தி, மதுரவாயல்ல பைபாஸ் ஏறி, பெருங்களத்தூர்ல ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சு, செங்கல்பட்டு வரைக்கும் கடை கடையா காய் இறக்கணும். அதுதான் எங்க வீட்டுக்குச் சோறு.

ஜனவரியிலிருந்து வண்டி ஹீட் ஆகுது. முதல்ல ஹீட் மீட்டர் முள்ளு பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மார்ச்சுல இருந்து சிவப்புக்கே போயிடுது. இதுவரைக்கும் மாத்தினது: ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட், வாட்டர் பாடி (தண்ணியைச் சுத்தவிடுற பம்ப்). தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்துவிடுற வால்வு) ஒரு மெக்கானிக் கழட்டியே போட்டுட்டார். ஒண்ணும் கேக்கல. இப்ப வேற ஒருத்தர்கிட்ட காட்டினேன். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, ஹெட் கழட்டணும், 24,000 ஆகும், நாலு நாள் வண்டியை விடு"ன்னு சொல்றார். எஞ்சினோட மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல வர்ற தகடுதான் அந்த கேஸ்கெட். நாலு நாள் லோடு போகலன்னா கடைக்காரங்க வேற வண்டி பாத்துப்பாங்க. கேஸ்கெட்தான்னு உறுதியா தெரிஞ்சா கடன் வாங்கியாவது செஞ்சிடுவேன். தெரியாம கழட்ட மனசு வரல. அனுபவம் இருக்கிறவங்க வழி சொல்லுங்க.


மீன் வண்டி, காசிமேடு
மே 6, இரவு 11:48

தம்பி, கத்திரி வெயில் ஆரம்பிச்சிடுச்சு, எல்லா வண்டியும் சூடாத்தான் ஓடும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டினது நல்லதுதான், நம்ம ஊருக்கு அது எதுக்கு? ரேடியேட்டர்ல தண்ணி விட்டுக்கிட்டே ஓட்டு. என் வண்டி பன்னெண்டு வருஷமா அது இல்லாமத்தான் ஓடுது.


பாடி பட்டறை
மே 7, காலை 6:05

தம்பி, நான் நாப்பது வருஷம் பாடியில பட்டறை வெச்சிருந்தவன். இப்ப பையன் பாக்குறான். நீ என்னென்ன மாத்தினேன்னு சொல்லியிருக்க, எப்ப ஹீட் ஆகுதுன்னு சொல்லல. அதைத்தான் முதல்ல கேக்கணும். இதுக்கெல்லாம் பதில் சொல்லு, பொறுமையா சொல்லு.

டிராஃபிக்ல நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா? லோடோட மட்டுமா, காலி வண்டியிலயுமா? ஏறின பிறகு வேகத்தைக் குறைச்சா முள்ளு இறங்குதா? வாரத்துக்கு எவ்வளவு தண்ணி ஊத்துற? காலையில ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல ரேடியேட்டரோட மேல் ஹோஸை அமுக்கிப் பாரு, கல்லு மாதிரி இருக்கா, மெத்துன்னு இருக்கா? மார்ச்சுல அதிகமாச்சுன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடி வண்டியில யாரு கை வெச்சா, என்ன வேலை நடந்தது?

அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. சூடா இருக்கும்போது மூடியைத் திறந்துடாத. என் பட்டறையில ஒரு பையனுக்கு மூஞ்சி, கழுத்து, மார்பு எல்லாம் வெந்துபோச்சு. அரை மணி நேரம் ஆறவிட்டு, கனமான சாக்குத் துணியைப் போட்டு, பாதி திருகு திருகி, ஆவி எல்லாம் போன பிறகுதான் முழுசா எடுக்கணும்.


காய்கறி லோடு, பம்மல்
மே 7, பகல் 1:30

அண்ணே, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ட்ரிப்புல நடந்ததை அப்படியே எழுதுறேன்.

கோயம்பேடு மார்க்கெட் உள்ள முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து வந்தேன், முள்ளு பாதியிலேயே நின்னுது. காலையில தாம்பரத்துல டிராஃபிக்ல நின்னப்பவும் ஏறல. ஏறுறது லோடோட 60, 65-ல போகும்போதுதான். பைபாஸ்ல லேசா ஏற ஆரம்பிச்சு, வண்டலூர் தாண்டி பத்து நிமிஷத்துல முக்காலுக்கு வந்துடும், சிங்கப்பெருமாள் கோயில் வர்றதுக்குள்ள சிவப்பு. அப்ப மணி நாலுகூட ஆகியிருக்காது, வெளிய குளுகுளுன்னு காத்து அடிக்குது. 40-க்குக் குறைச்சா அஞ்சு நிமிஷத்துல இறங்கிடும். திரும்பி வரும்போது காலி வண்டி, 80-ல வந்தா முக்கால் வரைக்கும் ஏறும்.

தண்ணி வாரத்துக்கு ஒரு லிட்டருக்குள்ளதான் ஊத்துறேன், அதுவும் சிவப்புக்குப் போன நாள்ல மட்டும். காலையில மேல் ஹோஸ் மெத்துன்னுதான் இருக்கு.

மார்ச்சுல வாட்டர் பாடி மாத்தினேன். அதுக்கப்புறம்தான் அதிகமாச்சு. வாட்டர் பாடியே டூப்ளிகேட்டோன்னு சந்தேகம்.


ரெட்டேரி டிரைவர்
மே 7, பகல் 2:15

அண்ணே, ஃபேன் கிளச் (சூடானா ஃபேனை எஞ்சினோட பிடிச்சுச் சுத்தவிடுறது) போயிருக்கும். அதை எடுத்துட்டு கார்ல வர்ற மாதிரி ரெண்டு எலக்ட்ரிக் ஃபேன் முன்னாடி வெச்சுடுங்க. புதுப்பேட்டையில பழைய ஃபேன் கிடைக்கும், நானே வெச்சிருக்கேன். கைமேல பலன்.


பாடி பட்டறை
மே 7, மாலை 5:40

ரெட்டேரி தம்பி சொல்றது அவர் வண்டிக்குச் சரியா இருந்திருக்கும். இந்த வண்டிக்கு அது மருந்து இல்ல.

ஃபேனோட வேலை என்ன? வண்டி நிக்கும்போது காத்தை இழுத்து ரேடியேட்டர் வழியா விடுறது. 60-ல ஓடுற வண்டிக்கு எதிர்க்காத்தே போதும், ஃபேன் சும்மா சுத்தினாலும் சுத்தாட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஃபேன் கிளச்சோ ஃபேனோ கெட்டுப்போன வண்டி டிராஃபிக்ல கொதிக்கும், ஹைவேயில ஏறினா ஆறிடும். தம்பி வண்டி நேர் எதிர். டிராஃபிக்ல ஒழுங்கா இருக்கு, ஓடும்போது கொதிக்குது. அப்படின்னா காத்துல குறை இல்ல, தண்ணி ஓட்டத்துலதான் குறை. 65-ல லோடு இழுக்கும்போது எஞ்சின் போடுற சூடு பல மடங்கு. அவ்வளவு சூட்டையும் தூக்கிட்டு வர்ற அளவுக்குத் தண்ணி ஓடல.

இதுக்குப் பேர் போன காரணம் மூணு. ரேடியேட்டர் உள்ள அடைப்பு. ஹோஸ்ல அடைப்பு. வாட்டர் பாடி இறக்கை தேஞ்சு போறது. நாலாவதா கேஸ்கெட், அதையும் ஒதுக்க முடியாது. ஆனா காலையில ஹோஸ் மெத்துன்னு இருக்குன்னு சொல்றியே, அது எனக்கு நம்பிக்கை தருது. கேஸ்கெட் போயிருந்தா எஞ்சின் புகை தண்ணிக்குள்ள புகுந்து ஹோஸ் உடனே கல்லு மாதிரி ஆகும்.

எலக்ட்ரிக் ஃபேன் பத்தி ஒரு வார்த்தை. ரேடியேட்டருக்கு முன்னாடி ஃபேன் வெச்சா ஓடும்போது அதுவே எதிர்க்காத்துக்குத் தடை. இவருக்குக் கூடுதலா ஹீட் ஆகும்.


லேத் வேலை, கிண்டி
மே 7, இரவு 9:10

நான் ஹெட் ஃபேஸிங், அதாவது வளைஞ்ச ஹெட்டைச் சமமா சீவுற வேலை செய்யுறவன். ஹெட் கழட்டினாத்தான் எனக்கு வேலை, ஆனாலும் சொல்றேன்: சோதிக்காம ஹெட்டைக் கழட்டாதீங்க. என் டேபிளுக்கு வர்ற பல ஹெட்டுல ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர் பட்டை) வெச்சு, இடைவெளி அளக்குற மெல்லிசு தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தா 0.05 மில்லிமீட்டர்கூடப் போகாது. வளையவே இல்லாத ஹெட். கேஸ்கெட்லயும் புகை கசிஞ்ச கருப்புக் கோடு இருக்காது. வண்டிக்காரர் முழுச் செலவும் செஞ்சு, திரும்ப மாட்டி, அதே ஹீட்டோட நிப்பார்.

கேஸ்கெட் போனா எரிஞ்ச புகை தண்ணிக்குள்ள வரும். அதை வீட்டுலேயே பாக்கலாம். காலையில எஞ்சின் சில்லுன்னு இருக்கும்போது மூடியை எடுத்துட்டு, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் ஒரு நிமிஷம் சிக்கின காத்து குமிழா வரும், அதை விடுங்க. அதுக்கப்புறமும் சோடா மாதிரி விடாம குமிழ் வந்தா, ரேஸ் பண்ணும்போது தண்ணி மேல பீச்சி அடிச்சா, கேஸ்கெட் சந்தேகம் வலுவாகும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, பால் விட்ட காபி நிறத்துல இருக்கா? ஆயில் மூடிக்குள்ள வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கா? சைலன்சர்ல எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம வருதா?

இன்னும் உறுதி வேணும்னா, நீல நிற மருந்து விட்ட கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில வெச்சுப் பாக்குற சோதனை இருக்கு. புகை கலந்திருந்தா மருந்தோட நீல நிறம் மாறிடும். பெரிய பட்டறைகள்ல வெச்சிருப்பாங்க.


காய்கறி லோடு, பம்மல்
மே 9, காலை 10:50

லேத் அண்ணன் சொன்ன மாதிரி இன்னிக்குக் காலையில பாத்தேன். ஒரு நிமிஷம் குமிழ் வந்தது, பிறகு நின்னுடுச்சு. பத்து நிமிஷம் ஓடவிட்டேன், ரேஸ் பண்ணினேன், தண்ணி பீச்சல. ஆயில் கருப்பா சுத்தமா இருக்கு. வெள்ளைப் புகை இல்ல. அப்பா பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தார், அவருக்கு முகமே தெளிஞ்சிடுச்சு.


பாலிடெக்னிக் ஆசிரியர், தரமணி
மே 9, மாலை 4:25

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நண்பர் மிகச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறார், மாணவர்களுக்குக் காட்டலாம் போலிருக்கிறது. இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, தெர்மோஸ்டாட். "நம்ம ஊருக்கு அது எதுக்கு" என்பது சென்னை முழுக்கப் பரவியிருக்கும் எண்ணம். பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சுமார் 82 டிகிரியில் ரேடியேட்டர் பக்கத்து வழியைத் திறக்கத் தொடங்கும், 95 டிகிரி வாக்கில் முழுதும் திறந்துவிடும். திறக்கும்போதே அதன் அடித்தட்டு, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் போய்விடும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது அதிக லோடில் சூட்டைக் கூட்டும். லோடு இல்லாதபோதோ எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது, டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும். காசிமேட்டு நண்பரின் வண்டி பன்னிரண்டு வருடம் ஓடியிருப்பதை நான் மறுக்கவில்லை. அது குறைந்த வேகத்தில், குறைந்த தூரம் ஓடும் வண்டியாக இருந்திருக்கலாம்.

பழைய தெர்மோஸ்டாட் கையில் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் சூடாக்கி வெப்பமானி வைத்துப் பாருங்கள். கொதிக்கும்போதும் திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

இரண்டாவது, அகச்சிவப்பு வெப்பமானி. துப்பாக்கி மாதிரி இருக்கும், ஏசி மெக்கானிக் யாரிடமாவது இரவல் கேட்டால் கிடைக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகு ரேடியேட்டர் கோரில் (குழாய்கள் இருக்கும் நடுப்பகுதியில்) வரிசையாக வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பூச்சு உள்ள இடத்தில் வையுங்கள், பளபளக்கும் பித்தளையில் எண் தவறாக வரும். நல்ல ரேடியேட்டரில் மேலிருந்து கீழே படிப்படியாகச் சூடு குறையும். நடுவில் திடீரென்று சில்லென்று ஒரு பட்டை தெரிந்தால், அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள்.


காய்கறி லோடு, பம்மல்
மே 11, பகல் 12:15

சார், பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக்கிட்ட அந்த மிஷினை வாங்கிப் பாத்தேன். மேல் ஹோஸ் 94. ரேடியேட்டர்ல டிரைவர் பக்கம் மேல 90, நடுவுல 83, கீழ 74. கிளீனர் பக்கம் போகப் போக 61, 52, ஓரத்துல 44! கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ரேடியேட்டர் வேலையே செய்யல.

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒரு விஷயம் சொன்னார். ரெண்டு வருஷம் முன்னாடி மேல்மருவத்தூர் கிட்ட ரேடியேட்டர்ல ஊசித்துளை விழுந்து ஒழுகியிருக்கு. ராத்திரி நேரம், பக்கத்துல கடை எதுவும் இல்ல. ஒரு டீக்கடையில மஞ்சள் தூள் வாங்கி ரேடியேட்டர்ல கொட்டியிருக்கார். ஒழுக்கு நின்னுடுச்சு. அப்புறம் அப்படியே விட்டாச்சு. தண்ணி எப்பவும் எங்க வீட்டு போர் தண்ணிதான். அந்தத் தண்ணியில குளிச்சா தலைமுடி சிக்கு விழும், பாத்திரத்துல வெள்ளையா படியும்.


மீன் வண்டி, காசிமேடு
மே 11, பகல் 1:05

மஞ்சள் தூளைக் குறை சொல்லாதீங்கப்பா. நடுரோட்டுல நிக்கிறவனுக்கு அதுதான் தெய்வம். நானும் போட்டிருக்கேன், எங்க அப்பாவும் போட்டிருக்கார்.


பாடி பட்டறை
மே 11, மாலை 6:30

மீன் வண்டி சொல்றது நியாயம். உங்க அப்பா அன்னிக்கு செஞ்சது சரி தம்பி, அவர்கிட்ட சொல்லு. மஞ்சள் ஊறிப் பருத்துத் துளையை அடைக்கும், வண்டி வீடு வந்து சேரும். வந்த மறுநாள் தண்ணியை முழுசா இறக்கி, அலசி, துளைக்கு ஈயம் வெச்சிருக்கணும். அதைச் செய்யாம விட்டதுதான் குறை. மஞ்சளுக்கு எது துளை, எது குழாய்னு தெரியாது, எல்லாத்தையும் அடைக்கும். கடையில விக்கிற ஒழுக்கு அடைக்கிற பவுடரும் இதே கதைதான்.

போர் தண்ணியோட உப்பு அதுமேல சேர்ந்து பாறை மாதிரி ஆயிருக்கும். உன் வண்டியில செம்பு பித்தளை ரேடியேட்டர், நல்ல காலம். புதுப்பேட்டைக்கோ, பாடிப் பக்கமோ எடுத்துட்டுப் போ. மேல் டேங்க், கீழ் டேங்க் ரெண்டையும் ஈயம் உருக்கிக் கழட்டி, ஒவ்வொரு குழாய்லயும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பாங்க. வெறும் ஆசிட் ஊத்தி அலசித் தர்றேன்னா வேணாம்னு சொல்லு. அடைச்ச குழாய்க்குள்ள ஆசிட் போகவே போகாது, திறந்திருக்கிற நல்ல குழாயைத்தான் அரிக்கும். கிட்டவே நின்னு பாரு.


மாதவரம் டேங்கர்
மே 11, இரவு 8:20

எனக்கு ஒரு சந்தேகம் சார். சென்னையில பனி உறையப் போறதில்ல. கூலன்ட் எதுக்கு? நல்ல தண்ணி ஊத்தினா போதாதா? ஏசியில சொட்டுற தண்ணியைப் பிடிச்சு ஊத்தலாமா?


பாலிடெக்னிக் ஆசிரியர், தரமணி
மே 11, இரவு 10:00

நல்ல கேள்வி. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை, நமக்கு அது தேவையில்லை. அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பு ரேடியேட்டர் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்திருக்கும்போது அரிப்பு வேகமாக நடக்கும். வாட்டர் பாடியின் சீலும் கூலன்ட்டில் நீண்ட நாள் உழைக்கும்.

ஆனால் அதிகமாக ஊற்றினால் அதிக நன்மை என்று நினைக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலுக்குத் தண்ணீரைவிட வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறைவு. நம் ஊர் வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி தண்ணீர் போதும். பாட்டிலில் கலந்தே வருவதா, கலக்க வேண்டியதா என்று பார்த்து வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வேறு வேறு வகைகளைக் கலக்க வேண்டாம், சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

தண்ணீர் என்றால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில் வாட்டர். குடிக்கும் தண்ணீரிலேயே லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்று இந்தியத் தரநிலை ஏற்கிறது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை. மனிதனுக்கு அது பரவாயில்லை. எஞ்சினுக்குள் சூடாகும்போது அந்த உப்புதான் சுண்ணாம்பாகப் படிகிறது. ஏசித் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் தூசியும் பாசியும் கலந்திருக்கும். அவசரத்துக்குச் சரி, வழக்கமாக வேண்டாம்.

பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும். குழந்தை குடித்தாலும் உயிருக்கே ஆபத்து.


காய்கறி லோடு, பம்மல்
மே 14, இரவு 9:45

ரேடியேட்டர் வேலை முடிஞ்சது. புதுப்பேட்டையில குடுத்து, டேங்கைத் திறக்கும்போது கிட்டவே நின்னேன். கிளீனர் பக்கம் குழாய் வாயெல்லாம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து சிமென்ட் பூசின மாதிரி இருந்தது. குத்தி எடுத்ததைக் காகிதத்துல கொட்டிக் காட்டினாங்க, ஒரு டம்ளர் இருக்கும். பழைய ஊசித்துளைக்கும் ஈயம் வெச்சாச்சு. டிஸ்டில் வாட்டரும் கூலன்ட்டும் ஊத்தி, வண்டி மூஞ்சி மேடா இருக்கிற மாதிரி நிறுத்தி, மூடி திறந்தே ஓடவிட்டு காத்து எல்லாம் எடுத்தேன்.

நேத்து ராத்திரி லோடோட போனேன். வண்டலூர்ல பாதி, கூடுவாஞ்சேரியில பாதி. சந்தோஷத்துல அப்பாவுக்கு போன் பண்ணலாம்னு நினைச்சேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினதும் முள்ளு ஏற ஆரம்பிச்சு, பரனூர் டோல்கேட் வர்றதுக்குள்ள முக்காலுக்கு மேல. சிவப்புக்குப் போகல, ஆனா ஏறுது. வேகத்தைக் குறைச்சா உடனே இறங்குது. அண்ணே, எனக்கு மனசு விட்டுப்போச்சு. கேஸ்கெட்தானா?


ரெட்டேரி டிரைவர்
மே 14, இரவு 10:10

ஓவர்லோடு ஏத்துறீங்களா அண்ணே? ஆர்சியில இருக்கிற எடைக்கு மேல போனா எந்த ரேடியேட்டர் போட்டாலும் தாங்காது.


காய்கறி லோடு, பம்மல்
மே 14, இரவு 10:30

இல்ல தம்பி. ஒரு டன்னுக்கு உள்ளதான். மூட்டைக் கணக்கு இருக்கு.


பாடி பட்டறை
மே 15, காலை 5:50

மனசை விடாத. பாதி நோய் போயிருக்கு, மீதி இருக்கு. கேஸ்கெட் போன வண்டி வேகத்தைக் குறைச்ச உடனே இப்படி அழகா இறங்காது.

நீ முதல்ல சொன்னதை மறுபடி படிச்சேன். மார்ச்சுல வாட்டர் பாடி மாத்தின பிறகுதான் அதிகமாச்சு. வாட்டர் பாடியைக் கழட்டணும்னா கீழ் ஹோஸைக் கழட்டணும். அப்ப கீழ் ஹோஸைப் புதுசா போட்டாங்களா?

இதைச் செஞ்சு பாரு. எஞ்சின் சூடாகட்டும். பானெட்டைத் திறந்து, யாரையாவது உக்கார வெச்சு, 3,000 ஆர்பிஎம் வரைக்கும் மெதுவா ஏத்தச் சொல்லு. நீ கீழ் ஹோஸை மட்டும் பாரு. கையை ஃபேன் கிட்ட கொண்டு போகாத, லுங்கி, துண்டு எதுவும் தொங்க வேணாம். டார்ச் அடிச்சு தூர இருந்தே பாரு.


காய்கறி லோடு, பம்மல்
மே 15, காலை 9:20

அண்ணே!!! அப்பாவை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லிப் பாத்தேன். ஐடிலிங்ல ஹோஸ் உருண்டையா இருக்கு. 2,000 தாண்டினதும் நடுவுல குழி விழுது. 3,000-ல ஸ்ட்ரா போட்டு உறிஞ்சின ஜூஸ் டப்பா மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டிக்குது! காலை எடுத்தா திரும்ப உருண்டை ஆகுது. மூணு தடவை பாத்தோம். மார்ச்சுல வாட்டர் பாடியோட புது ஹோஸ்தான் போட்டாங்க, பில்லுல இருக்கு.


பாடி பட்டறை
மே 15, காலை 9:55

அதுதான் தம்பி. அதேதான்.

மேல் ஹோஸ்ல வெந்நீர் ரேடியேட்டருக்குத் தள்ளப்படுது, அதனால அது உப்பும். கீழ் ஹோஸ்ல வாட்டர் பாடி தண்ணியை உறிஞ்சுது, அதனால அது ஒடுங்கப் பாக்கும். எஞ்சின் வேகம் ஏற ஏற உறிஞ்சல் ஏறும். ஒடுங்காம இருக்கத்தான் உன் வண்டி ஹோஸுக்குள்ள ஒரு சுருள் கம்பி வரும். பழைய ஹோஸை எடுத்தவங்க அந்தக் கம்பி துருப்பிடிச்சிருந்ததால தூக்கிப் போட்டிருப்பாங்க, புது ஹோஸ்ல கம்பி வெக்கல. ரேடியேட்டர் அடைப்பு வேற இருந்ததால உறிஞ்சல் இன்னும் அதிகம். நிறுத்தி வெச்சு எந்த மெக்கானிக் பாத்தாலும் ஹோஸ் அழகா உருண்டையா இருக்கும், அதான் யார் கண்ணுக்கும் படல. டிராஃபிக்ல மெதுவா போகும்போது உறிஞ்சல் கம்மி, அதனால ஹீட் ஆகல.

ரேடியேட்டர் மூடி மாத்தினியே, அதுல அழுத்தம் 0.9 பார்னு போட்டிருக்கா, என்ன எழுதியிருக்குன்னு பாரு. அழுத்தம் பிடிக்காத மூடியா இருந்தா ஹோஸ் ஒடுங்குறது சுலபம். அழுத்தம் பிடிச்சா தண்ணி 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது, பிடிக்காட்டி 100-லயே கொதிச்சிடும்.

உள்ள கம்பி வெச்ச ஹோஸ் கேட்டு வாங்கு. கனமான ரப்பர், அழுத்தினா திடமா இருக்கணும். தெர்மோஸ்டாட்டையும் மாட்டு, வாத்தியார் சொன்னதை நானும் ஒத்துக்கிறேன். நானே எத்தனையோ வண்டியில கழட்டியிருக்கேன், அது தப்புன்னு பின்னாடிதான் கத்துக்கிட்டேன்.


லேத் வேலை, கிண்டி
மே 15, காலை 11:30

நாலு நாள் நிறுத்தி, 24,000 குடுத்து ஹெட் கழட்டியிருந்தா இந்த ஹோஸ் அப்படியே திரும்ப மாட்டப்பட்டிருக்கும். படிக்கும்போது எனக்கே பதறுது. ஒண்ணு மட்டும் கவனிங்க தம்பி, பல தடவை சிவப்புக்குப் போன வண்டி. இன்னும் ஒரு மாசம் தினமும் ஆயிலையும் தண்ணி மட்டத்தையும் பாருங்க. தண்ணி குறைஞ்சா அலட்சியம் வேணாம்.


காய்கறி லோடு, பம்மல்
மே 19, பகல் 2:40

ஜிபி ரோட்டுல கம்பி வெச்ச ஹோஸ் கிடைச்சுது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் புதுசு. மூடியில 0.9 போட்டிருந்தது, ஆனா ரப்பர் கெட்டியா இல்ல, அதையும் மாத்திட்டேன். ரேடியேட்டர் வேலையோட சேர்த்து கேஸ்கெட்டுக்குச் சொன்ன பணத்துல பாதிகூட ஆகல. வண்டி ஒரு ராத்திரிகூட நிக்கல, எல்லாம் பகல்லயே முடிச்சேன்.

மூணு ராத்திரி லோடோட போயிட்டு வந்துட்டுத்தான் எழுதுறேன். 65-ல செங்கல்பட்டு வரைக்கும் முள்ளு பாதியில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நேத்து அப்பாவும் கூட வந்தார். பரனூர் வரைக்கும் ரோட்டையே பாக்கல, முள்ளையே பாத்துட்டு வந்தார். திரும்பும்போது தூங்கிட்டார். ரெண்டு வருஷமா இந்த வண்டியில அவர் தூங்கி நான் பாத்ததில்ல.

பாடி அண்ணே, ஒரு நாள் உங்க பட்டறைக்கு வர்றேன். வெறுங்கையோட வரமாட்டேன், நல்ல காய் எடுத்துட்டு வர்றேன்.


ஆற்காடு ரோடு
மே 19, இரவு 8:15

இதே இழையில கேக்கலாமான்னு தெரியல, மன்னிக்கணும். எனக்கு 2009 பிக்கப், தண்ணி கேன் லோடு. எனக்கு ஹைவேயில ஒண்ணும் இல்ல. வடபழனி போரூர் நடுவுல மெட்ரோ வேலை டிராஃபிக்ல நின்னா பத்து நிமிஷத்துல சிவப்பு. நகர்ந்தா இறங்கிடுது. இதையெல்லாம் படிச்சிட்டு நானும் கீழ் ஹோஸைப் பாத்தேன், ஒடுங்கல. ரேடியேட்டர் அலசணுமா?


பாடி பட்டறை
மே 20, காலை 6:10

அலசாதீங்க, பொறுங்க. உங்களுக்குக் காத்துல குறை. எஞ்சினை நல்லா சூடாக்கி, நிறுத்திட்டு, சாவியை எடுத்துட்டு, ஃபேனைக் கையால ஒரு சுத்து விடுங்க. கொஞ்சம் பிடிச்சு நின்னா கிளச் நல்லா இருக்கு. தடையே இல்லாம நாலு சுத்து சுத்தினா கிளச் போச்சு, நடுவுல ஆயில் கசிவும் தெரியும். ரேடியேட்டருக்கு முன்னாடி பூச்சி, தூசி, பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஃபேனைச் சுத்தி வட்டமா ஒரு பிளாஸ்டிக் கூடு வரும், ஷ்ரவுட். அது இருக்கா?


ஆற்காடு ரோடு
மே 20, காலை 7:35

இப்பத்தான் போய்ப் பாத்தேன் அண்ணே. கிளச் நல்லா பிடிக்குது. கூடு இல்ல. போன தீபாவளிக்கு எஞ்சின் வேலை செஞ்சப்ப கழட்டினாங்க, திரும்ப மாட்டவேயில்ல. வீட்டு மொட்டை மாடியில கிடக்கு, அதுல அம்மா கீரை விதை போட்டிருக்காங்க.


பாடி பட்டறை
மே 20, காலை 7:50

அம்மாவுக்கு வேற தொட்டி வாங்கிக் குடுங்க. அதைக் கழுவி மாட்டிட்டு, ஆற்காடு ரோட்டுல ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாத்து எழுதுங்க.